கரிசல் மண்ணும் இரட்டைப் பாதையும்

மதுரைக்குத் தெற்கே விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர் வழியாக மணியாச்சியை அடைந்து, அங்கிருந்து ஒரு கிளை தூத்துக்குடிக்கும் மற்றொரு கிளை திருநெல்வேலிக்குமாகப் பிரியும் இருப்புப்பாதை, 2023-ம் வருஷத்தில் துறைமுக நகரம் வரையில் இரட்டைப் பாதையாயிற்று. மறு வருஷம் பிப்ரவரி மாதத்தில், மணியாச்சிக்கும் நாகர்கோவிலுக்கும் இடைப்பட்ட இரட்டைப் பாதை வேலையும் தூத்துக்குடியில் நடந்த வைபவத்தில் பிரதம மந்திரியால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1876-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி திறக்கப்பட்ட பாதைக்கு இரண்டாவது தண்டவாளம் கிடைப்பதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது வருஷங்கள் சென்றிருக்கின்றன. தாமதமாக வந்தாலும் நன்மை நன்மையே. இதற்காக உழைத்தவர்களுக்கு நமது வந்தனம் உரியது.

ஆனால் திறப்பு விழாக்களில் பேசியவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார்கள். பாதையைப் போட்டவர்கள் பேர் கல்லில் இருக்கிறது. நாளை முதல் அதைக் காக்கப் போகிறவர்கள் யார், அவர்கள் எத்தனை பேர், அவர்கள் கையில் என்ன கருவி இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்டவர்களும் இல்லை. வேறு சீமையில் இது சாதாரணக் கேள்வியாக இருக்கலாம். கோவில்பட்டிச் சீமையில் அப்படியல்ல. ஏனெனில் இங்கே தண்டவாளம் படுத்திருப்பது கரிசல் மண்ணின் மேல்.

இந்தப் பாதை எதற்காகப் போடப்பட்டது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. கரிசல் காட்டில் விளையும் பருத்தியைத் தூத்துக்குடிக் கப்பலில் ஏற்றுவதற்காகவும், கப்பலில் வந்த சீமைத் துணியை உள்நாட்டில் இறக்குவதற்காகவும் போடப்பட்டது. 1874-ல் உருவான சௌத் இந்தியன் ரயில்வே கம்பெனி லண்டன் பங்குதாரர்களுடையது. பாதை முறைப்படி திறக்கப்படுமுன்பே, 1875 டிசம்பரில், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர் இலங்கையிலிருந்து தூத்துக்குடியில் இறங்கி இதன் வழியாக மதுரைக்குப் பிரயாணம் செய்தார். அவர் போன மறு வருஷமே தாது வருஷப் பஞ்சம் தலைகாட்டியது. இளவரசரையும் பருத்தியையும் சுமந்த வண்டியே பஞ்ச காலத்தில் தானியத்தையும் சுமந்தது. பாதை என்பது எப்போதும் போட்டவன் நினைத்த காரியத்துக்கு மட்டும் பயன்பட்டு நிற்பதில்லை.

1890-களின் தொடக்கத்திலேயே சர்க்கார் இப்பாதையை விலைக்கு வாங்கிவிட்ட போதிலும், நடத்தும் பொறுப்பும் லாபத்தில் பங்கும் 1944 வரையில் கம்பெனியிடமே இருந்தன. 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுக் கொழும்புப் பிரயாணிகள் தனுஷ்கோடி வழியே செல்லத் தொடங்கும் வரையில், இலங்கை செல்லும் தபாலும் ஜனங்களும் இந்தத் தூத்துக்குடிப் பாதையில்தான் போனார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற ஏழைகளும் இதன் வழியாகவே போனார்கள். மணியாச்சி ஸ்டேஷனில் 1911 ஜூன் 17-ந் தேதி நடந்த சம்பவம் நேயர்கள் அறிந்ததே. அந்த ஸ்டேஷன் இன்று வாஞ்சியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கப்பலோட்டிய சிதம்பரம் பிள்ளை சிறை மீண்டு, பறிபோன வக்கீல் சன்னதைத் திரும்பப் பெற்ற பின்பு, 1920-களில் தொழில் நடத்தியது கோவில்பட்டியிலேதான். கடலில் வெள்ளைக் கம்பெனியோடு போட்டியிட்டவர், தரையில் இன்னொரு வெள்ளைக் கம்பெனியின் வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கட்சிக்காரர்களின் தஸ்தாவேஜுகளைப் படித்துக்கொண்டிருந்திருப்பார்.

சரித்திரம் போதும். மண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கரிசலை அறியாதவர்கள் அதை நல்ல மண் என்று நினைக்கிறார்கள். பருத்திக்கு நல்ல மண்தான். கோவில்பட்டியில் 1901-ம் வருஷம் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டதே இம்மண்ணின் பருத்தியை உத்தேசித்துத்தான். நீரைக் குடித்து வயிற்றில் வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் செடிக்குக் கொடுப்பது இதன் குணம். ஆனால் எந்தக் குணம் சம்சாரியை வாழவைக்கிறதோ அதுவே ரயில்வே இஞ்சினீயரைத் தூங்கவிடாமல் செய்கிறது. நீரைக் குடித்தால் கரிசல் பருக்கிறது. நீர் வற்றினால் சுருங்குகிறது. சித்திரை வைகாசியில் இக்காட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும், முழங்கை வரையில் நுழையக்கூடிய வெடிப்புகள் நிலமெங்கும் பாளம் பாளமாய்ப் பிளந்து கிடப்பது. ஐப்பசி கார்த்திகையில் அதே நிலம் செருப்பைப் பிடித்து இழுக்கும் களியாகிவிடுகிறது. இப்படி வருஷத்துக்கொருமுறை மூச்சு விடும் மண்ணின் மேல் அசையாத ஒரு பாதையை வைத்திருக்கவேண்டும் என்பது பிரச்னை.

வண்டி ஓடும்போது என்ன நிகழ்கிறது என்பதைச் சற்று விவரமாகச் சொல்லுகிறோம். தண்டவாளத்தின் கீழ் ஸ்லீப்பர். ஸ்லீப்பரின் கீழ் ஒரு அடிக்குமேல் கருங்கல் ஜல்லி. ஜல்லியின் கீழ் மண்கரை. ஜல்லியின் வேலை இரண்டு: சுமையைப் பரப்பிக் கொடுப்பது, விழுந்த மழையை நிற்கவிடாமல் வடித்துவிடுவது. கரையின் மேற்பரப்பு கரிசலாய் இருந்தால், மழையில் நனைந்து குழைந்த அந்த மண்ணில் ஒவ்வொரு சக்கரமும் ஜல்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி இறக்குகிறது. சக்கரம் கடந்தவுடன் சேறு ஜல்லியின் இடுக்குகளின் வழியாக மேலே பொங்குகிறது. சில மாதங்களில் ஜல்லி கீழே போய், சேறு மேலே வந்து, நீர் வடிவதற்கு வழியில்லாமல் அடைபடுகிறது. அதன் பின் ஒரு ஸ்லீப்பர் உறுதியாகவும் அடுத்த ஸ்லீப்பர் தொங்கியும் இருக்கும். வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒரு சிறு குலுக்கல். பாதையில் வேலை செய்கிறவனுக்கு அது ஒரு எச்சரிக்கை.

இதற்கு வைத்தியம் இல்லாமலில்லை. கரையின் மேற்பகுதியிலிருந்து கரிசலை அகற்றிவிட்டுச் சரளை மண்ணைக் கனமாகப் பரப்பி இறுக்கினால், மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஒரு தடுப்பு ஏற்படுகிறது. கரையின் ஓரங்களை அகலமாக விட்டு, வாய்க்கால்களைத் தூர்வாரி வைத்தால் நீர் அடியில் இறங்காது. சேறு ஏறிய ஜல்லியைத் தோண்டிச் சலித்துப் போட்டால் மறுபடியும் வடியும். புதிய பாதையில் இவற்றைச் செய்திருக்கிறார்கள் என்றே நம்புகிறோம். ஆனால் புதிய கரை என்பது புதிய கரைதான். பழைய கரை ஒரு நூற்றாண்டுக்குமேல் வண்டிகளின் சுமையில் இறுகியது. அதன் பக்கத்தில் எழுப்பிய கரையோ சில மழைக்காலங்களையே கண்டது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடினாலும், மழைக்கு இரண்டும் ஒரே மாதிரி பதில் சொல்லாது. புது மருமகளிடம் மாமியாரின் நிதானத்தை எதிர்பார்க்கமுடியுமா?

மற்றொரு விஷயம் நேயர்கள் பலருக்கு வியப்பாக இருக்கும். கார்த்திகை மழை செய்த கேடு கார்த்திகையிலேயே வெளிப்படவேண்டும் என்பதில்லை. சித்திரை வெயிலில் வெளிப்படலாம். முன்காலத்தில் தண்டவாளங்கள் துண்டு துண்டாக இருந்தன. இடையில் விட்ட சந்து வெயிலில் இரும்பு நீளுவதற்கு இடம் கொடுத்தது. அந்தச் சந்துகளே வண்டியின் தாளத்தை உண்டாக்கின. இப்போது அவற்றைப் பற்றவைத்து நெடுந்தூரத்துக்கு ஒரே தண்டவாளமாக்கிவிட்டார்கள். ஒரு கிலோமீட்டர் நீளத் தண்டவாளம் முப்பது டிகிரி சூடேறினால், கட்டுப்பாடின்றி விட்டபக்ஷத்தில், ஒன்றரைச் சாண் நீளும். நீள இடமில்லாததால் அவ்வளவு சக்தியும் இரும்புக்குள்ளேயே அடைபட்டு நிற்கிறது. அதை நிறுத்தி வைப்பது ஸ்லீப்பரின் பக்கங்களில் குவிந்து கிடக்கும் ஜல்லி. மழைக்காலத்தில் அந்த ஜல்லியைச் சேறு விழுங்கிவிட்டிருந்தால், கோடையின் உச்சியில் பாதை பாம்புபோல் நெளிந்துவிடும். மார்கழிப் பனியிலோ இரும்பு சுருங்கி, பற்றவைத்த இடங்கள் விட்டுப்போகப் பார்க்கும். ஆகவே மழைக்கு ஒரு ரோந்து, வெயிலுக்கு ஒரு ரோந்து, குளிருக்கு ஒரு ரோந்து. இவற்றை நடத்துகிறவன் இஞ்சினீயரல்ல. கையில் கொடியும் விளக்கும் கொண்டு நடக்கும் தொழிலாளி.

அவனுக்குக் கீமேன் என்று பெயர். பழைய நாளில் தண்டவாளத்தை இறுக்கிப் பிடித்த ஆப்புக்குச் சாவி என்று பெயர். தளர்ந்த சாவியைத் தட்டி இறுக்கிக்கொண்டு போனவன் கீமேன். இப்போது ஆப்புக்குப் பதிலாக வளைந்த உருக்குக் கிளிப்புகள் வந்துவிட்டன, பெயர் மாறவில்லை. கான்க்ரீட் ஸ்லீப்பர்கள் கிலோமீட்டருக்கு 1,600-க்கு மேல். ஸ்லீப்பருக்கு நான்கு கிளிப்புகள். ஆக ஒரு கிலோமீட்டருக்கு 6,400-க்குக் குறையாத கிளிப்புகளை அவன் கண் பார்த்துச் செல்லவேண்டும். இரட்டைப் பாதையானால் கணக்கும் இரட்டை. இந்நடையைத் தினந்தோறும் பல கிலோமீட்டர் தூரம் அவன் தனியாக நடக்கிறான். குமாரபுரத்துக்கும் கடம்பூருக்கும் நடுவே பங்குனி வெயிலில் நிழலுக்கு ஒதுங்க ஒரு உடைமரம் கிடைத்தால் அது அவன் பாக்கியம். குமாரபுரம் ஸ்டேஷனைப் பற்றி இடைசெவல் கு. அழகிரிசாமி ஒரு கதை எழுதியிருக்கிறார். அந்த ஸ்டேஷனின் தனிமையைத் தமிழுலகம் அவரால் அறிந்தது. ஸ்டேஷனில் இருப்பவருக்காவது மேலே கூரை உண்டு.

தண்டவாளம் உடைந்திருப்பதைக் கீமேன் காண்கிறான் என்று வைத்துக்கொள்வோம். விதி என்ன சொல்கிறது? உடைந்த இடத்தில் சிவப்புக் கொடியை நட்டுவிட்டு, வண்டி வரக்கூடிய திசையில் ஓடவேண்டும். 600 மீட்டரில் ஒரு வெடியைத் தண்டவாளத்தின் மேல் வைக்கவேண்டும். 1,200 மீட்டர் வரையில் ஓடி, பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடிகளை வைக்கவேண்டும். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த 1,200 மீட்டரை நாற்பத்துமூன்று விநாடியில் கடந்துவிடும். அத்தூரத்தை ஜல்லியின் மேல் ஓடிக் கடக்க ஒரு மனிதனுக்கு எத்தனை நிமிஷம் ஆகும் என்று நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். இந்தக் கணக்குக்கும் அதிர்ஷ்டத்துக்கும் இடையிலேதான் நமது பிரயாணம் நடக்கிறது.

இத்தகைய தொழிலாளிகளைக் கம்பெனிக் காலத்தில் எப்படி நடத்தினார்கள் என்பது தெரிந்த கதை. 1928 ஜூலையில் ஆட்குறைப்பை எதிர்த்துச் சௌத் இந்தியன் ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் நடந்தது. சிங்காரவேலு செட்டியாரும் முகுந்தலால் சர்க்காரும் மற்றவர்களும் சிறை சென்றார்கள். 1946 செப்டம்பர் 5-ந் தேதி திருச்சிப் பொன்மலையில் தொழிலாளர் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து உயிர்கள் போயின. அவ்விரண்டு சந்தர்ப்பங்களிலும் செலவைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் கண்ணில் படுகிறவன் தொழிலாளியாகவே இருந்தான். கம்பெனி போயிற்று, அந்தக் கண் மட்டும் போகவில்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

மழையால் வரும் ஆபத்தைப் பற்றி இந்தப் பாதையைச் சார்ந்தவர்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. 1956 நவம்பர் 23-ந் தேதி விடியுமுன், அரியலூருக்கு அப்பால் மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்தில் விழுந்த வண்டி, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்துகொண்டிருந்த எக்ஸ்பிரஸ். நூற்று நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவியை விட்டு விலகினார். அந்த ராஜினாமாவை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள்; அதைப் பின்பற்றுகிறவர்களைத்தான் காணோம். ஆனால் ராஜினாமாவைவிட முக்கியமான பாடம் ஒன்று உண்டு. ஆற்று நீர் ஏறுவதைக் கண்டு வண்டியை நிறுத்தச் சரியான சமயத்தில் ஒரு மனிதன் சரியான இடத்தில் இருந்தாகவேண்டும்.

2023 டிசம்பர் 17-ந் தேதி அந்தப் பாடம் மறுபடியும் நினைவூட்டப்பட்டது. தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களில் பெய்த பேய்மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கப்பால் செய்துங்கநல்லூர்ப் பக்கம் வெள்ளம் கரையையும் ஜல்லியையும் அரித்துக்கொண்டுபோய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியில் எண்ணூறு பேர். அவர்கள் இரண்டு நாள் அவதிப்பட்டார்கள். அக்கம்பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் தங்கள் வீட்டிலும் வெள்ளம் புகுந்த நிலையில் அவர்களுக்குச் சோறு சமைத்துப் போட்டார்கள். ஆனால் எண்ணூறு பேரும் உயிரோடு வீடு சேர்ந்தார்கள். வண்டி புறப்பட அனுமதி கொடாமல் ஸ்டேஷனில் இருந்தவர்கள் நிறுத்திவைத்ததால் அரியலூர் மீண்டும் நிகழவில்லை. அரியலூர் நிகழ்ந்தது, எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்தில் நிகழாமற்போனது, இதற்குள்ளே மறந்துபோயிற்று. நிகழாத விபத்துக்குப் பத்திரிகையில் தலைப்பு இல்லை. பத்திரிகைக்காரனாகிய நாமே இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த வறண்ட சீமையில் வெள்ளம் வருவது பெரும்பாலும் ஆற்றினாலல்ல; கண்மாய் உடைவதால். சாத்தூரில் வைப்பாற்றைத் தாண்டும் பெரிய பாலத்தைப் பற்றி அவ்வளவு கவலையில்லை. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் பாராத சிறு ஓடைப்பாலங்களுக்கு மேற்கே எங்கோ ஒரு கண்மாய்க்கரை ராத்திரி உடைந்தால், அவ்வளவு நீரும் ரயில்வே கரையில் வந்து முட்டும். இதற்காகவே பாதையைப் பாதிக்கக்கூடிய கண்மாய்களின் ஜாபிதா ஒன்றை ரயில்வே இலாகா வைத்திருக்கவேண்டும் என்றும், மழைக்கு முன் ராஜ்ய சர்க்காரின் நீர்ப்பாசன உத்தியோகஸ்தர்களும் ரயில்வே இஞ்சினீயர்களும் சேர்ந்து அவற்றைப் பார்வையிட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. மிக நல்ல விதி. அந்தக் கூட்டுப் பார்வை கடைசியாக எந்தத் தேதியில் நடந்தது, எந்தக் கண்மாய்க்கரை பலவீனமென்று கண்டார்கள், பிறகு அதைப் பலப்படுத்தினார்களா என்பதை ஊர் ஜனங்களுக்குச் சொல்லக்கூடாது என்று மட்டும் எந்த விதியும் இல்லை.

ஒற்றைப் பாதையாய் இருந்த காலத்தில் பெரிய அபாயம் எதிர்வண்டி. ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டி புறப்பட வேண்டுமானால், அந்தத் துண்டுப் பாதைக்குரிய இரும்புப் பந்து டோக்கனை டிரைவர் கையில் பெறவேண்டும். பந்து ஒன்றுதான் வெளிவரும். ஆகவே வண்டியும் ஒன்றுதான் போகும். பிரம்பு வளையத்தில் பையைக் கட்டி ஓடும் வண்டிக்கு நீட்டியதைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முட்டாளும் தவறு செய்யமுடியாத ஏற்பாடு அது. பின்னர் மின்சார சிக்னல்கள் வந்தன. அவையும் நல்லவையே, கோளாறு ஏற்படாத வரையில். 2019 மே மாதத்தில் இதே பாதையில், திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் இடையே, ஒரே தண்டவாளத்தில் எதிரெதிராக இரண்டு பாசஞ்சர் வண்டிகள் அனுமதிக்கப்பட்டு, மோதுவதற்கு முன் நிறுத்தப்பட்டன. சிக்னல் கோளாறான சமயத்தில், பாஷை புரியாமல் ஸ்டேஷன் அதிகாரிகளுக்குள் ஏற்பட்ட குழப்பமே காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது.

அதற்கு மறுமாதம் தெற்கு ரயில்வேயிலிருந்து வந்த பரிகாரந்தான் விசித்திரம். ஸ்டேஷன் மாஸ்டர்களும் கட்டுப்பாட்டு அறையும் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ மட்டும் பேசவேண்டும், பிரதேச பாஷையைத் தவிர்க்கவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார்கள். தமிழ்நாடெங்கும் ஆட்சேபம் எழுந்தது. சில நாட்களில் சுற்றறிக்கை வாபஸாயிற்று. வாபஸானது சரியே. ஆனால் அதை ஒரு கௌரவப் பிரச்னையாக மட்டும் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடுவது போதாது. நியாயஸ்தலத்தில் சாட்சியின் வாக்குமூலத்தை அவனுடைய பாஷையில்தான் கேட்கிறோம்; ஏனெனில் ஒரு வார்த்தை மாறினால் ஒரு உயிர் போகும். பாதையும் அப்படித்தான். கடம்பூருக்குப் பக்கத்தில் ஒரு கரை உடைந்தால், முதலில் காண்கிறவன் ஆடு மேய்க்கும் பையன். அவன் ஓடிவந்து கேட்கீப்பரிடம் சொல்லப்போவது தமிழில். கேட்கீப்பர் ஸ்டேஷனுக்குச் சொல்வதும் தமிழில். அங்கே டெலிபோனை எடுப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், சங்கிலி அந்த இடத்தில் அறுந்தது. வடக்கிலிருந்து வேலைக்கு வருகிற இளைஞர்கள் மீது நமக்கு விரோதமில்லை. அவர்களும் பரீட்சை எழுதி வயிற்றுப்பாட்டுக்காக வந்தவர்களே. அவர்களைத் தனியாகப் பணியில் நிறுத்துமுன் தமிழில் பேசவும் கேட்கவும் பழக்கிப் பரீட்சிக்கவேண்டியது நிர்வாகத்தின் கடமை.

இரட்டைப் பாதையில் எதிர்வண்டி அபாயம் பெருமளவு தீர்ந்தது. பிரயாணிக்குத் தீர்ந்த அபாயம் தொழிலாளிக்கு வேறு உருவத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. நீராவி இஞ்சின் காலத்தில், மரமில்லாத இக்காட்டில், வண்டியின் புகை வெகு தூரத்திலேயே தெரியும். சத்தம் அதற்கு முன்பே கேட்கும். டீசல் இஞ்சினும் முழங்கிக்கொண்டே வந்தது. இப்போது மின்சார வண்டிகள். 2023 செப்டம்பரில் திருநெல்வேலிக்கும், மறு வருஷம் நாகர்கோவிலுக்கும் வந்த வந்தே பாரத் வண்டிகள் கிட்டே வரும் வரையில் காதில் விழுவதில்லை. ஒற்றைப் பாதையில் வேலை செய்கிறவன் வண்டி வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் பிழைத்தான். இரட்டைப் பாதையில் ஒரு வண்டிக்கு ஒதுங்குகிறவன் மற்ற தண்டவாளத்தில் கால்வைக்க நேரிடுகிறது. முதல் வண்டியின் இரைச்சலில் இரண்டாவது வண்டி வருவது கேளாது. தேசத்தில் பாதைத் தொழிலாளிகள் இப்படி மாண்டிருக்கிறார்கள், இன்னும் மாண்டுகொண்டிருக்கிறார்கள். வண்டி நெருங்குவதை முன்னதாக உணர்த்தும் ரக்ஷக் என்ற சிறு கருவி இருக்கிறது. அது தொழிலாளியின் இடுப்பில் இருந்தால் பயன், உபந்யாசத்தில் இருந்தால் பயனில்லை.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. பாதையைப் பழுதுபார்க்க வேண்டுமானால் வண்டிகளைச் சற்று நேரம் நிறுத்தி, பாதையை இஞ்சினீயர்களிடம் ஒப்படைக்கவேண்டும். ஜல்லியை இறுக்கும் இயந்திரமோ, சலிக்கும் இயந்திரமோ வண்டி ஓடுகிற பாதையில் வேலை செய்யமுடியாது. வண்டிகள் பெருகப் பெருக இந்த அவகாசம் குறைகிறது. இரவெல்லாம் சென்னை வண்டிகள். பகலில் நெடுந்தூர வண்டிகளும் உள்ளூர் வண்டிகளும். நடுவே தூத்துக்குடித் துறைமுகத்துச் சரக்கு வண்டிகள். பாதை இரண்டானதால் அவகாசமும் இரட்டிக்கும் என்று நினைத்தோம். ஆனால் ஒவ்வொரு ஊரும் புதிய வண்டி கேட்கிறது, கேட்பதில் தவறுமில்லை. வண்டிகளைக் கூட்டும்போது பழுதுபார்க்கும் மணிநேரத்தையும் அட்டவணையிலேயே எழுதி, அதைப் பிரயாணிகளின் வண்டியைப்போல மாற்றமுடியாததாகச் செய்வதுதான் நியாயம். அதன் பொருட்டு ஒரு வண்டி அரைமணி தாமதமானால், முணுமுணுக்காமல் இருப்பது நமது பங்கு.

உள்ளூர் வண்டி என்றதும் ஒரு வார்த்தை. காந்தியடிகள் 1917-ல் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளின் கஷ்டத்தைப் பற்றி எழுதினார். 1974-ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் போயிற்று. 2020-க்குப் பின் பாசஞ்சர் வண்டிகளை எக்ஸ்பிரஸ் என்று பெயரிட்டு, குறைந்த கட்டணத்தைப் பத்து ரூபாயிலிருந்து முப்பது ரூபாயாக்கி, 2024-ல்தான் பழைய கட்டணத்துக்கு வந்தார்கள். சாத்தூரிலிருந்து கோவில்பட்டிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு இருபது ரூபாய் என்பது சிறு தொகையல்ல. வந்தே பாரத் கோவில்பட்டியில் நிற்பதில் நமக்கும் சந்தோஷந்தான். கடலைமிட்டாய் வியாபாரிக்கும் சந்தோஷம். ஆயினும் இரண்டாவது பாதையின் பயன், முன்பதிவில்லாத பெட்டியில் நின்றுகொண்டு போகிறவரை எட்டியதா என்பதைக் கொண்டே அதை அளக்கவேண்டும்.

இவை யாவும் பணத்தில் வந்து முடிகின்றன. சர் வில்லியம் ஆக்வொர்த் தலைமையில், நமது வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியாரும் அங்கத்தினராய் இருந்த கமிட்டி, 1921-ல் என்ன கண்டது? மாற்றவேண்டிய தண்டவாளங்களையும் பாலங்களையும் மாற்றப் பணமில்லாமல் நாள் கடத்துகிறார்கள், மார்ச் 31-ந் தேதியோடு தொகை காலாவதியாவதால் நீடித்த வேலை நடப்பதில்லை என்று கண்டது. அதன் பயனாக 1924-ல் ரயில்வே வரவுசெலவு தனியாகப் பிரிந்தது. 2017-ல் மீண்டும் பொது பட்ஜெட்டோடு சேர்ந்துவிட்டது. 2012-ல் அனில் ககோட்கர் கமிட்டி ஐந்து வருஷங்களில் ஒரு லட்சம் கோடி ரூபாய் பாதுகாப்புக்குச் செலவிடவேண்டுமென்று சொன்னது; 2017-ல் அதே தொகைக்கு ரயில் பாதுகாப்பு நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 2022 டிசம்பரில் பார்லிமெண்டின் முன் வைக்கப்பட்ட தணிக்கை அதிகாரியின் அறிக்கையோ, நான்கு வருஷங்களில் நேர்ந்த 217 பெரிய விபத்துக்களில் 163 தடம் புரண்டவை என்றும், பாதையை அளக்கும் வண்டிகள் செய்யவேண்டிய சோதனைகளில் 30 முதல் 100 சதவிகிதம் வரையில் குறைவு இருந்தது என்றும், பாதுகாப்பு நிதியிலிருந்து முக்கியமல்லாத காரியங்களுக்கும் பணம் சென்றது என்றும் சொல்லுகிறது. ஆறு மாதம் கழித்துப் பாலசோரில் கோரமண்டல் வண்டிக்கு நேர்ந்த கதி உலகறிந்தது. அதன் காரணம் பாதையல்ல, சிக்னல். ஆயினும் பழுதுபார்த்த வேலையில் நேர்ந்த பிழையே மூலம்.

தேசத்தின் கணக்கு இவ்வளவாவது வெளியில் தெரிகிறது. நமது பாதையின் கணக்கு தெரியவில்லை. விருதுநகர் முதல் மணியாச்சி வரையில் பாதைக் காவலுக்கு அனுமதிக்கப்பட்ட ஆட்கள் எத்தனை, காலியாய்க் கிடக்கும் இடங்கள் எத்தனை? அவர்களில் அதிகாரிகளின் பங்களாக்களிலும் ஆபீசுகளிலும் வேறு வேலைக்கு வைக்கப்பட்டவர்கள் உண்டா, இல்லையா? கரிசல் கரையில் சேறு பொங்கும் இடங்கள் எவை, அங்கே சரளை மண் மாற்றும் வேலை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது? கீமேன்களில் எத்தனை பேர் கையில் ரக்ஷக் கருவி இருக்கிறது? நடுக்காட்டில் இருக்கும் கேட்டுகளுக்குக் குடிதண்ணீர் எப்படிப் போகிறது? பஞ்சுவியாபாரிகள் சங்கமும், தீப்பெட்டி உற்பத்தியாளர்களும், வக்கீல்களும், தொழிற்சங்கத்தாரும் கூடிப் புதிய வண்டிக்காக மகஜர் தயாரிக்கும்போது, இந்தக் கேள்விகளையும் அதில் எழுதட்டும். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது; பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு. இத்தொகுதியின் பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் சபையில் கேட்டாலும் பதில் சொல்லியே ஆகவேண்டும். மதுரைக் கோட்ட நிர்வாகம் 1956 முதல் இப்பாதையைப் பார்த்துவருகிறது. அதனிடம் இந்தக் கணக்குகள் நிச்சயமாக இருக்கும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அவற்றை ஒவ்வொரு ஸ்டேஷனின் விளம்பரப் பலகையிலும் தமிழில் ஒட்டிவைக்க அதிக செலவு ஆகாது.